"வீட்டில் இருக்கிறாள்": குடியாத்தம் பகுதியில் ஒரு கூட்டு முயற்சியின் நிகழ்வு ஆய்வு

குடியாத்தம் வட்டத்தின் ஓர் ஊராட்சியில், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று இளைஞர் பட்டியல் ஒன்றை எடுத்தார்கள். படிப்பை விட்டவர்கள், வேலையில் இல்லாதவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வதே நோக்கம். பையன்களுக்கு எதிரே விதவிதமான குறிப்புகள் இருந்தன: பெங்களூரு போயிருக்கிறான், சும்மா சுற்றுகிறான், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். பெண்களுக்கு எதிரே பெரும்பாலும் ஒரே குறிப்புதான். வீட்டில் இருக்கிறாள்.

அந்தக் குறிப்போடு பட்டியலில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியும், அவர் ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவுக்கும் மீண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வறைக்கும் போய்ச் சேர்வதற்கு யார் யார் எதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். இந்தக் கூட்டு முயற்சியின் களப்பணியில் ஓர் அமைப்பின் சார்பில் நானும் இருந்தேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள்; அடையாளம் தெரிந்தால் பேச்சு வரும்.

பட்டியலில் ஏதோ குறைகிறது என்று முதலில் சொன்னவர் கூட்டமைப்பின் செயலாளர். அவரும் பீடி சுற்றி வளர்ந்தவர். "வேலை செய்கிறாயா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்லும். கேள்வியை மாற்றுங்கள்" என்றார். மாற்றினோம். நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன செய்தாய் என்று கேட்டோம்.

இந்தப் பெண் சொன்ன நாள் இது. முந்தைய இரவே பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாயிற்று. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, தகரத் தகட்டை இலைமீது வைத்துக் கத்தரிக்கோலால் அளவு பார்த்து வெட்டுவது. பிறகு மடியில் முறம்; முறத்தில் புகையிலைத் தூளும் வெட்டிய இலையும். சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடித்து, 25 பீடிக்கு ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். மதியம் சமையல் மிச்சத்தை முடித்துவிட்டு மறுபடியும் முறம். மாலையில் அம்மா கட்டுகளை எடுத்துக்கொண்டு, இலை கொடுத்துக் கூலிக்குப் பீடி சுற்றி வாங்கும் ஏஜெண்டிடம் போவார். தளர்வாகச் சுற்றியவை கழிவில் போகும். அதற்குக் கணக்கு இல்லை. சனிக்கிழமை கூலி.

ஏஜெண்டிடம் இருக்கும் புத்தகத்தில் அம்மாவின் பெயர் மட்டும்தான். மகள் சுற்றுவதும் அம்மா சுற்றுவதாகவே எழுதப்படும். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே தனிச் சட்டம் வந்தது. நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அவற்றின் பயன்கள் பெயர் உள்ளவரைத்தான் எட்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத்தான். ஆக, பள்ளியை விட்ட நாளிலிருந்து இந்தப் பெண் எந்த ஏட்டிலும் இல்லை. 2020-21இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 78ஆவது சுற்று, நாட்டில் 15 முதல் 29 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லை என்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முறம்தான் நினைவுக்கு வருகிறது. நாள் முழுவதும் உழைத்தும் "எதிலும் இல்லாதவர்" என்று எழுதப்படுகிறவர்கள் அந்தப் பாதியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அவர் ஏன் படிப்பை விட்டார்?

குடும்பம் வறுமையில் இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் போதாது. இதே தெருவில் இதே வறுமையில் இவருடைய அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார்.

இவர் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு ஏறக்குறைய முழுவதும் வீட்டில் கழிந்தது. அந்த ஆண்டு தேர்வில்லாமலேயே எல்லோரும் தேர்ச்சி. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது நேராகப் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தார். 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. இடைவெளிக்குப் பின் 2022 மே மாதம் நடந்த முதல் தேர்வை இவருடைய வகுப்புதான் எழுதியது. மாநிலத் தேர்ச்சி 90.07 விழுக்காடு. செய்தித்தாள்களில் அந்த எண் வந்தது. மீதிப் பத்து விழுக்காட்டில் யார் இருந்தார்கள் என்பது வரவில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருந்தது, கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. ஆனால் அதே அறையில்தான் இலை காய்ந்தது, தூள் இருந்தது, நான்கு பேர் உட்கார்ந்து சுற்றினார்கள். கணக்கிலும் அறிவியலிலும் தேறவில்லை. உடனே வந்த துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அம்மாவின் பங்கையும் சேர்த்துச் சுற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவுதான்.

குடியாத்தம் என்றால் 1954 இடைத்தேர்தலில் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அந்தப் பெருமையை மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகிற கவலை 14 வயதோடு நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் வரம்பு 6 முதல் 14. அதற்குமேல் இடையில் நின்றுபோன பிள்ளையைத் தேடிப் போவது யாருடைய பொறுப்பு என்பது எங்கும் தெளிவாக இல்லை.

திறந்திருந்த கதவுகள்

இவருக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் கிடைக்கும். ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்கானது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பத்தாம் வகுப்பில் தேறாதவரும் பதியலாம். பதிந்து ஐந்து ஆண்டு வேலை கிடைக்காமல் காத்திருந்தால் மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாலாற்றுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலும் காலணியும் செய்யும் ஊர்கள். அங்கே தையல் பிரிவுக்கு எப்போதும் பெண்கள் தேவைப்படுகிறார்கள்.

கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் இவர் வீட்டு வாசலிலிருந்து எந்தக் கதவுக்கும் பாதை இல்லை. நடுவில் கிடந்தவை நான்கு தடைகள்: ஒரு சான்றிதழ், ஒரு பிறந்த தேதி, ஒரு வேன் நிறுத்தம், ஆறு வார வீட்டுச் செலவு.

கூட்டு முயற்சி என்றால் எல்லாத் துறையினரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, குத்துவிளக்கேற்றி, புகைப்படம் எடுத்துக்கொள்வதாகப் பல இடங்களில் ஆகிவிட்டது. வேலைவாய்ப்பு முகாம்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. சான்றிதழும் துணிவும் கையில் உள்ளவர்களுக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் இந்தப் பெண்ணுக்கு உதவிய கூட்டு வேறு வகையானது. இதில் சேர்ந்த ஒவ்வொருவரும் தம்முடைய அன்றாட வேலை முறையில் ஒன்றை மாற்றிக்கொண்டார்கள். யார் கூட்டாளி, யார் பார்வையாளர் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ்

தேர்வில் தேறாத பிள்ளைகள் பலர் பள்ளிக்குத் திரும்பிப் போவதே இல்லை. வெட்கம். மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் போவதில்லை. அது பள்ளி பீரோவிலேயே கிடக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருநாள் அந்தக் கட்டை எடுத்துக் காட்டினார். நூலால் கட்டி, ஆண்டு எழுதிய அட்டை செருகிய சான்றிதழ்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள். சிலருக்கு இதற்குள் கல்யாணமாகிக் குழந்தைகூட இருக்கும் என்று அவரே சொன்னார்.

பெற்றோர் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வேலை நாளில் பள்ளிக்கு வர வேண்டும் என்பது நடைமுறை. பீடி சுற்றும் வீட்டில் வேலை நாளில் அரைநாள் போனால் கூலி போகும். தலைமையாசிரியர் செய்தது எளிமையான காரியம். ஒரு சனிக்கிழமை பதிவேட்டோடும் முத்திரையோடும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். விண்ணப்பத்தைக் கூட்டமைப்புப் பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். கைநாட்டு வைத்தவர்களும் வாங்கிப் போனார்கள். விதி எதையும் அவர் மீறவில்லை, உட்கார்ந்த இடத்தைத்தான் மாற்றினார். இந்தப் பெண்ணின் தந்தை சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது இல்லாமல்தான் இவ்வளவு நாள் இருந்தாளா?" என்று கேட்டார். மகள் பள்ளியை விட்டாலும் அவளுடைய காகிதம் இன்னும் பள்ளியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சான்றிதழ் வந்ததும் அடுத்த முடிச்சு தெரிந்தது. ஆதாரில் இருந்த பிறந்த தேதி வேறு. தலைப்பெழுத்தும் வேறு மாதிரி இருந்தது. ஆதாரும் சான்றிதழும் ஒத்துப்போகாவிட்டால் வருங்கால வைப்புநிதிக் கணக்கு தொடங்குவதில் சிக்கல் வரும். 18 வயது நிரம்பியதற்குச் சரியான சான்று இல்லாமல் தொழிற்சாலையும் சேர்த்துக்கொள்ளாது. திருத்தத்துக்கு அலைந்த கதையை விரிக்கவில்லை. எல்லோரும் அலைந்திருக்கிறோம்.

ஆறு வாரம்

விஷயத்தின் நடுப்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். பெண்களை வேலைக்கு அனுப்ப இந்த வீடுகள் தயங்குவதற்குக் கட்டுப்பாடும் மானமும் காரணம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் இந்த வீட்டில் அம்மா போட்ட கணக்கு வேறு.

பீடிக்கூலி வாரக்கூலி. தொழிற்சாலையில் மாதச் சம்பளம், அதுவும் அடுத்த மாதம் முதல் வாரத்தில்தான் கைக்கு வரும். மகள் தொழிற்சாலைக்குப் போன அன்றே வீட்டில் சுற்றும் கை ஒன்று குறைகிறது. முதல் சம்பளம் வருவதற்குள் ஐந்தாறு சனிக்கிழமைகள் போய்விடும். அந்தச் சனிக்கிழமைகளில் அரிசிக்கும் மளிகைப் பாக்கிக்கும் யார் பணம் தருவது? இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கட்டு குறைந்துகொண்டே போனால் ஏஜெண்ட் இலையைக் குறைப்பார். பிறகு புத்தகத்திலிருந்து பெயரே போய்விடலாம். மகளுக்கு அந்த வேலை ஒத்துவராமல் திரும்பி வந்தால் இரண்டும் போய்விடும். "இதையும் விட்டுவிட்டு அதுவும் இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது, அக்கா?" என்று அவர் கூட்டமைப்பின் செயலாளரிடம் கேட்டார். யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தாய் பிற்போக்கானவர் அல்ல. வீட்டின் ஒரே நிரந்தர வருமானத்தைக் காத்துக்கொண்டிருந்தவர். இதைப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு விழிப்புணர்வு ஊட்டப் போவது அவரை அவமதிப்பதாகும்.

இரண்டு மாற்றங்கள் வழி திறந்தன. கூட்டமைப்பு தன் உள்கடன் விதியில் ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலைக்கோ பயிற்சிக்கோ புதிதாகப் போகும் இளைஞரின் வீட்டுக்கு, முதல் சம்பளம் வரும்வரை வாரந்தோறும் சிறு தொகை கடன், திருப்பிக் கட்டுவது சம்பளம் தொடங்கிய இரண்டாவது மாதத்திலிருந்து. கடன் என்றால் மொத்தமாகக் கொடுத்து மாதாமாதம் வசூலிப்பதுதான் வழக்கம். சனிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் இந்தத் தாய்தான். மொத்தமாக வந்தால் பழைய கடன்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்பது அவருடைய வாதம், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று, பீடி ஏஜெண்ட். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்பதிலேயே எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. அவர் இல்லாமல் இந்தக் கணக்கு தீராது என்று செயலாளர் உறுதியாக நின்றார். ஆறு மாதத்துக்கு, கட்டு குறைந்தாலும் புத்தகத்தில் பெயரை எடுப்பதில்லை என்று ஏஜெண்ட் ஒப்புக்கொண்டார். அவருக்கும் மகள் இருக்கிறாள், கல்லூரியில் படிக்கிறாள்.

வேனும் தொழிற்சாலையும்

தொழிற்சாலை வேன் நெடுஞ்சாலை நிறுத்தம்வரைதான் வரும். அங்கிருந்து ஊருக்கு வரும் பாதை மாலையில் இருட்டு. ஊராட்சி மன்றம் அந்தப் பாதையில் விளக்குகளைச் சரிசெய்தது. நிறுவனம் வேனை ஊருக்குள் புளியமரம்வரை கொண்டுவரச் சம்மதித்தது. ஏறுகிறவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால்தான் என்றார்கள். அப்படித்தான் இவரோடு இன்னும் சில பெண்களும் சேர்ந்தார்கள். தனி ஒருத்தியாக அனுப்புவதில் வீடுகளுக்கு இருந்த தயக்கமும் அதோடு தளர்ந்தது.

நிறுவனம் செய்த இன்னொரு மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சேர்வதற்கு முன் தாய்மார்களைத் தொழிற்சாலைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது நாங்கள் எதிர்பார்த்ததை அல்ல. இயந்திரங்களை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கழிப்பறைக்குப் போனார்கள், தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள். மேற்பார்வை செய்கிறவர் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். சாப்பிடும் இடம் எங்கே, மாதவிலக்கு நாளில் உட்கார இடம் கொடுப்பார்களா என்று கேட்டார்கள். காலணியின் மேல்தோலைத் தைக்கும் வரிசையில் ஒரு பெண் வளைவில் தையல் பிசகாமல் தோலைத் திருப்புவதை ஒரு தாய் வெகுநேரம் நின்று பார்த்தார். "விரலுக்கு வேலை. நம் பிள்ளைகளுக்கு வந்துவிடும்" என்றார். அது சரியாகவே இருந்தது. பீடி சுற்றிய விரல்கள் தோலையும் சீக்கிரம் பழகிக்கொண்டன. பயிற்சியில் பின்தங்கியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

ஊர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 பிரிவினைக்குப் பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். பழைய வடஆற்காட்டில் ஒன்றாக இருந்த வாழ்க்கை இன்றும் ஒன்றாகத்தான் ஓடுகிறது; ஆனால் திட்டங்களும் ஆய்வுக் கூட்டங்களும் மாவட்ட எல்லையில் நிற்கின்றன. ஊரும் தொழிற்சாலையும் வெவ்வேறு ஆட்சியரின் கீழ் இருப்பதால், இரண்டு பக்கமும் போய்ப் பேச ஓர் ஆள் தேவைப்படுகிறார். எங்கள் அமைப்பு செய்த வேலையில் பாதி அதுதான்.

தேர்வு

சம்பளம் வரத் தொடங்கிய சில மாதங்களில் அவரே கேட்டார், கணக்கை மறுபடியும் எழுதலாமா என்று. நாங்கள் தூண்டவில்லை. வேலைக்குப் போனால் படிப்பு முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கையில் பணமும் தோழிகளும் இருந்தபோதுதான் அவருக்குப் படிப்பு மீண்டும் நினைவுக்கு வந்தது. ஊரின் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஞாயிறு காலைகளில் நூலகத்தில் வகுப்பெடுத்தார். பாடத்திட்டம் முழுவதையும் அவர் தொடவில்லை. வரைபடம், செய்முறை வடிவியல், உறவுகளும் சார்புகளும் என்று தேர்ச்சிக்குப் போதுமானதை முதலில் பிடித்தார். தனித்தேர்வராகப் பணம் கட்டியதும் தேர்வுக்கான விடுப்பை நிறுவனத்திடம் எழுதி வாங்கியதும் அந்தப் பெண்ணே. கணக்கில் தேறிவிட்டார். அறிவியல் பாக்கி இருக்கிறது.

இதே கூட்டு முயற்சியில் வந்த ஒரு பையன், வேலூர்ப் பெரிய மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களில் விடுதிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தவன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளோடு பேசிப் பேசியே வங்காளமும் இந்தியும் சரளம். எந்தச் சான்றிதழிலும் அது இல்லை. ஒரு பரிசோதனைக்கூடம் பன்னிரண்டாம் வகுப்பு என்ற தகுதியைத் தளர்த்தி அவனை வரவேற்பு மேசையில் உட்காரவைத்தது. நன்றாகச் செய்கிறான்.

எல்லாம் இப்படி முடியவில்லை. ஓர் இளைஞனின் குடும்பம் அவனை வேலைக்கு வைத்திருந்தவரிடம் முன்பணம் வாங்கியிருந்தது. அது தீரும்வரை அவன் வேறெங்கும் போக முடியாது என்றார்கள். கடன் உதவியோ வேனோ பயிற்சியோ இதற்குத் தீர்வல்ல. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பவரோடு கூட்டு வைக்க முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்து இருக்கிறது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். மனு கொடுக்கப்பட்டது. பயந்துபோன குடும்பம் பிறகு பேசவே மறுத்துவிட்டது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்ல மறுக்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு இப்படிப்பட்ட வேலை புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1977இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் ஊரக நலப் பிரிவைத் தொடங்கியபோதே, மருந்தோடு தொழிலும் பயிற்சியும் சேர்ந்தால்தான் உடம்பு தேறும் என்று கண்டுகொண்டது. படிப்பை விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரி ஒன்றும் அங்கே நடக்கிறது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகக் காட்பாடியில் 1963இல் வெளிநாட்டு உதவியோடு உருவான பட்டறைகள், பிறகு மாற்றுத்திறனாளிகள் பலருக்குத் தொழிலும் சம்பளமும் கொடுத்தன. இரண்டிலும் நான் காண்பது ஒன்றுதான். வந்த ஆளுக்கு ஏற்ப நிறுவனம் தன்னை மாற்றிக்கொண்டது.

கூட்டமைப்பு இப்போது அடுத்த பட்டியலுக்கு ஆயத்தமாகிறது. முதல் பட்டியலைப் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் எடுத்தோம். அதனால் இந்த ஊரில் பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகள் மட்டும் அதில் வந்தார்கள். பேரணாம்பட்டிலிருந்தும் ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் 18, 19 வயதில் திருமணமாகி வந்த மருமகள்கள் அதில் இல்லை. அவர்களும் அதே இலையைத்தான் வெட்டுகிறார்கள். மாமியார் பெயரில் கட்டு போகிறது. அவர்களுடைய சான்றிதழ்கள் வேறு ஊர்ப் பள்ளிகளின் பீரோக்களில் இருக்கும். அந்தப் பள்ளிகளுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரியைத் தலைமையாசிரியர் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். வீடுகளுக்குள் போய் மாமியார்களிடம் பேசும் பொறுப்பை, மகளை முதலில் அனுப்பிய அந்தத் தாய் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.